உதட்டளவில் சொன்ன வரி

ஹெஸ்டர் லேமிங் யாரையும் நம்பிப் பழக்கப்பட்டவள் இல்லை. தேநீர்க் கடைக்காரி சிரித்துக்கொண்டே கோப்பையை நீட்டினால், பால் நேற்றையது என்று முடிவு கட்டிவிடுவாள். நாடகக் கொட்டகை முதலாளி பென்ஃபோல்ட் வழியில் நின்று குட் மார்னிங் சொன்னால், யாரையோ வேலையை விட்டுத் தூக்கப்போகிறார் என்று அன்று முழுக்கக் கணக்குப் போடுவாள். அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. இங்கிலாந்தில் ஓர் ஊர் விடாமல் நாடகம் போட்டு, ஒழுகும் விடுதிகளில் படுத்து எழுந்து, கடைசியில் லண்டனில் ஸ்ட்ராண்டு தெருவுக்குப் பக்கத்து நாடகக் கொட்டகையில் வந்து ஒட்டிக்கொண்டவள். அந்தப் பாதையில் வந்தவர்கள் யாரையும் லேசில் நம்பமாட்டார்கள்.

இருபத்தைந்து வயதிலேயே அவளுக்கு அறுபது வயதுக் கிழவி வேஷம் கொடுத்தார்கள். மூக்கு அப்படி. அதன் பிறகு சிடுசிடுக்கும் வீட்டுக்காரி, மூக்குப்பொடி போடும் தாதி, கல்யாணமாகாத அத்தை, சமையற்காரி, மறுபடியும் வீட்டுக்காரி. தட்டை ஏந்திக்கொண்டு வருவாள், நாலு வார்த்தை பேசுவாள், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும், போய்விடுவாள். திரை விழும்போது மேடையில் நிற்பது எப்போதும் கதாநாயகியும் அவள் கையைப் பிடித்திருப்பவனும்தான். குணச்சித்திர நடிகைக்குக் கடைசி வரி கொடுத்ததாக அந்த உலகத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

இந்த 1912ஆம் வருஷத்தில்தான் அது நடந்தது. புது நாடகத்தை எழுதிய பையன் இன்னும் மீசை சரியாக முளைக்காதவன். ஊர் வழக்கம் தெரியாமலோ என்னவோ கடைசி வரியைத் தூக்கிச் சமையற்காரியிடம் கொடுத்துவிட்டான். கதை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு பெரிய வீட்டில் ஒரு ரகசியம் வெளியே போய்விடுகிறது. நீதான் சொன்னாய், நீதான் சொன்னாய் என்று குடும்பமே அடித்துக்கொள்கிறது. எல்லாம் முடிந்து ஓய்ந்தபின், ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரிந்திருந்த சமையற்காரி தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு எஜமானைத் திரும்பிப் பார்த்துச் சொல்வாள்: "இந்த வீட்டுல வாயைத் திறக்காதவ நான் ஒருத்திதாங்க ஐயா." திரை.

முதல்முறை படித்தபோது ஹெஸ்டர் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அடுத்த நிமிஷமே, இதை நம்மிடமிருந்து யார் பிடுங்கப்போகிறார்கள் என்ற பயமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

அதில் ஒரு சங்கடம் வேறு. நாடகத்தின் கடைசி வரியை முதல் நாள் கூட்டத்துக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒத்திகையிலும் சொல்லக் கூடாது, வீட்டிலும் சொல்லக் கூடாது. சொன்னால் நாடகம் அப்போதே முடிந்துபோனதாக அர்த்தம், பிறகு அது மேடையில் நிற்காது. அந்த ஊர்க் கொட்டகைகளில் இதை விளையாட்டுக்குக்கூட யாரும் மீறமாட்டார்கள். ஒத்திகையில் அந்த இடம் வந்தால் ஹெஸ்டர் "ம்ம்ம்" என்று முனகுவாள், எல்லாரும் கலைந்து போவார்கள். ஓடிக்கொண்டிருந்த பழைய நாடகத்துக்குக் கூட்டம் குறையாததால் புது நாடகம் மாதக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அத்தனை மாதமும் அவள் முனகிக்கொண்டே இருந்தாள். வரி அவளுக்குள் கிடந்து கொதித்தது. சிரிக்க வைப்பதா, நெஞ்சைப் பிடிப்பதா? வாயால் ஒரு தடவை சொல்லிப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

சொல்லிப் பார்க்க அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. அது யாருக்கும் தெரியக் கூடாத இடம்.

தேம்ஸ் ஆற்றங்கரையில் சினிமாக்காரர்கள் ஒரு கண்ணாடிக் கொட்டகை போட்டிருந்தார்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போதுதான் அங்கே வேலை. அவள் மூக்கும் தாடையும் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயின. காலையில் ரயிலேறிப் போய் ஒரு கோபக்கார வீட்டுக்காரியாகத் துடைப்பத்தைத் தூக்கி ஆட்டிவிட்டு, சாயங்காலம் மேடைக்கு வந்து நிற்பாள். பென்ஃபோல்டுக்கு மட்டும் தெரிந்தால் தொலைந்தாள். சில்லறைக் காசுக்குத் திரையில் பார்க்கக் கிடைக்கும் மூஞ்சியைப் பார்க்க நல்ல காசு கொடுத்து யார் வருவார்கள் என்பது அவர் கட்சி. ஒப்பந்தத்திலேயே அதைத் தடுத்து எழுதி வாங்கியிருந்தார்.

ஒருநாள் கண்ணாடிக் கொட்டகையில் படம் எடுக்கும் பிக்ஸ் என்பவன் தகரக் குழலை வாயில் வைத்துக் கத்தினான். "லேமிங் அம்மா, வாய் அசையணும். எதையாவது பேசுங்க. என்னத்தையோ பேசித் தொலைங்க, எவன் கேட்கப்போறான்?"

எவன் கேட்கப்போகிறான். அந்த வார்த்தை அவள் மனசில் போய் விழுந்தது. படம் பிடிக்கும் பெட்டியின் கைப்பிடி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள் தட்டை எடுத்தாள், திரும்பினாள், சமையற்காரியின் வரியைச் சொன்னாள். பாதி மூச்சில்தான் சொன்னாள், பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் உதடு ஒவ்வொரு எழுத்தையும் செதுக்கியது. சிரிப்பும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம், அலுப்போடு சொல்ல வேண்டும் என்று அந்த நொடியில் அவளுக்குப் பிடிபட்டது. அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வந்து வெகுகாலமாயிற்று. இது சொன்னதில் சேராது என்று ரயிலில் தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். சத்தமே பதியாத இடத்தில் சொன்னால் அது சொன்னதாகுமா என்ன?

கொட்டகையில் அவளோடு ஒரே ஒப்பனை அறையில் இருந்தவள் ஐடா க்ரோம். நாற்பதைத் தொட்டவள், அதிகம் பேசாதவள். ஹெஸ்டருக்கு உடம்பு முடியாமல் போனால் அந்த வேஷத்தில் இறங்க வேண்டியவள் அவள்தான். ஆகவே ஹெஸ்டர் அவளை நம்பாததற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. தனக்குத் தும்மல் வந்தால்கூட ஐடாவின் முகத்தில் வெளிச்சம் வருகிறதா என்று கண்ணாடியில் பார்ப்பாள்.

சினிமாவுக்கு முகத்தில் மஞ்சள் பூசுவார்கள். சிவப்புப் பூசினால் படத்தில் கறுப்பாக விழும். அந்த மஞ்சள் லேசில் போகாது. ஒரு சாயங்காலம் ஐடா ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்து வந்து ஹெஸ்டரின் காதுக்குப் பின்னால் துடைத்தாள். "மஞ்சள் ஒட்டியிருக்கு, மிஸ் லேமிங்," என்றாள். அவ்வளவுதான். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காததுதான் ஹெஸ்டரைக் குடைந்தது. கேட்காமல் இருக்கிறாள் என்றால் எதற்கோ சேர்த்து வைத்துக்கொள்கிறாள் என்றுதானே அர்த்தம்.

அதற்குப் பிறகு ஹெஸ்டரின் கண் ஐடாவை விட்டு அகலவில்லை. முதலாளியின் அக்கா லெட்டிஸ் பென்ஃபோல்ட் அடிக்கடி கொட்டகைக்கு வருவாள். சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனவள், பேச்சு மட்டும் கொஞ்சம் தங்கியிருந்தது. அவளோடு பேச ஐடா விரல் பாஷை கற்று வைத்திருந்தாள். மாடிப்படியில் நின்று இரண்டு பேரும் விரல்களைத் தட்டியும் மடக்கியும் பேசுவார்கள். ஒருநாள் ஹெஸ்டர் படியேறி வரும்போது இருவர் விரலும் சட்டென்று நின்றன. இருவரும் அவளைப் பார்த்தார்கள். நேராக உதட்டைப் பார்ப்பது போல லெட்டிஸ் பார்த்த பார்வை ஹெஸ்டருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசுபவர்களைப் பார்த்திருக்கிறாள். மூஞ்சிக்கு முன்னாலேயே ஒரு சத்தமும் வராமல் பேசுகிறார்களே, என்ன நெஞ்சழுத்தம் என்று பொருமினாள். இன்னொரு நாள் ஒப்பனை அறைக் கதவுக்கு வெளியே நின்றபோது உள்ளே ஐடா எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பது கேட்டது. கதவைத் திறந்ததும் முணுமுணுப்பு நின்றது.

அந்த வாரமே பென்ஃபோல்ட் எல்லாரையும் மேடைக்கு வரச் சொன்னார். பெரிய உருவம், தொப்பியைக் கழற்றாமல் நின்றார். யாரோ புது நாடகத்தின் கடைசி வரியை வெளியே சொல்லியிருக்கிறார்கள் என்றார். எப்படித் தெரிந்தது என்று சொல்லவில்லை. "யாருன்னு நானே கண்டுபிடிப்பேன். அந்த ஆளுக்கு இந்தக் கொட்டகையில இடம் கிடையாது," என்றார்.

ஹெஸ்டர் உடனே ஐடாவைப் பார்த்தாள். ஐடாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். போதாதா? கதவுக்குப் பின்னால் முணுமுணுத்தது என்னவென்று இப்போது தெரிந்துபோயிற்று. வேஷத்தைப் பிடுங்க ஒத்திகை பார்த்திருக்கிறாள், வெளியிலும் உளறியிருக்கிறாள். இனி தப்பிக்க என்ன செய்வாள்? மஞ்சள் விஷயத்தை எடுத்து முதலாளியிடம் போடுவாள். சினிமாவும் போகும், மேடையும் போகும், அந்த வரியும் போகும். தான் ஆற்றங்கரையில் சொன்னது ஹெஸ்டரின் நினைப்பில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதைத்தான் சொன்னதில் சேராது என்று ஏற்கெனவே தீர்த்து வைத்துவிட்டாளே.

அவள் முந்திக்கொண்டாள். பென்ஃபோல்டின் அறைக்குப் போய், சொல்லவே மனசில்லாதவள் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைக்குட்டையை முறுக்கி, ஐடாவின் பெயரைச் சொன்னாள். நல்ல நடிகை, நன்றாகவே செய்தாள்.

"நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

"என் காதால கேட்டேன், முதலாளி. ஒரு எழுத்து விடாம சொன்னா."

பச்சைப் பொய். கேட்டது வெறும் முணுமுணுப்பு. சொல்லி முடித்ததும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தத்தான் செய்தது. காதால் கேட்காவிட்டாலும் அவள் சொன்னது உண்மைதானே என்று அதன் வாயை அடைத்தாள்.

பென்ஃபோல்ட் ஐடாவைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் இல்லை என்றாளாம். பின்னே யார் என்றதற்குப் பதில் சொல்ல மாட்டேன் என்றாளாம். ஐடா இல்லை என்று அக்காவும் விரலால் அடித்துச் சொன்னாளாம், ஆனால் யாரென்று அவளும் சொல்லவில்லையாம். சிநேகிதிக்காகப் பேசுகிறாள் என்று முதலாளிக்குக் கோபம் இன்னும் ஏறியது. வடக்கே ஊர் ஊராகச் சுற்றும் இரண்டாவது கோஷ்டிக்கு ஐடாவை மாற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பிராட்ஃபோர்டு போக வேண்டும். லண்டன் மேடையிலிருந்து அங்கே போனவர்கள் திரும்பி வருவது அபூர்வம்.

வெள்ளிக்கிழமை ஐடா தன் சாமான்களைக் கட்டினாள். ஹெஸ்டர் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து இல்லாத சுருக்கத்துக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள். ஐடா வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"எட்ஜ்வேர் ரோட்டு சினிமாக் கொட்டகையில நீங்க நடிச்ச படம் ஓடுது. இன்னிக்கு மத்தியானம் போய் முன்வரிசையில உக்காருங்க. உங்க வாயை நீங்களே பாருங்க."

இது என்ன பொறி? முதலாளியை அங்கே கொண்டுவந்து உட்காரவைத்து, கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறாளோ? போகவே கூடாது என்று முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டுத் தடித்த முகத்திரை போட்ட தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே இருட்டு, ஆரஞ்சுத் தோலும் ஈரக் கோட்டும் சேர்ந்த வாடை. ஒரு பெண் பியானோவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். படம் ஓடியது. துடைப்பத்தோடு வீட்டுக்காரி வந்தாள், கூட்டம் சிரித்தது. இத்தனை பெரிய மூக்கை இத்தனை நாள் சுமந்தோமா என்று ஹெஸ்டருக்கே சிரிப்பு வந்தது. பிறகு அந்த வீட்டுக்காரி தட்டை எடுத்தாள், திரும்பினாள், உதட்டை அசைத்தாள்.

சுவரளவு பெரிய வாய். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. இந்த வீட்டுல வாயைத் திறக்காதவ நான் ஒருத்திதாங்க ஐயா. சுற்றிலும் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, கடலைத் தோலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரே ஒருத்தி மட்டும் மெதுவாகக் கைதட்டினாள். லெட்டிஸ் பென்ஃபோல்ட்.

காது கேட்பவர்களும் கேட்காதவர்களும் சமமாக உட்காரும் இடம் ஊரிலேயே அது ஒன்றுதான். லெட்டிஸ் வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருப்பாள். உதட்டைப் படித்தே உலகத்தோடு பேசுகிறவளுக்கு ஊமைப் படத்தில் ஊமை ஏது? அவள் திரும்பி முகத்திரைக்குள் பார்த்து ஹெஸ்டரை அடையாளம் கண்டுகொண்டாள். ஏற்ற இறக்கமில்லாத அவளுடைய குரலில் சொன்னாள்.

"நல்லா சொன்னீங்க. அருமையான வரின்னு தம்பிகிட்ட சொன்னேன். அது உங்க நாடகத்து வரின்னு எனக்குத் தெரியாது. அவன் மூஞ்சி மாறினதும் நிறுத்திட்டேன். உங்க பேரைச் சொல்ல வேண்டாம்னு ஐடா கெஞ்சினா. அதனாலதான் சொல்லல."

மாடிப்படியில் விரல்கள் என்ன பேசின என்று ஹெஸ்டருக்கு இப்போது விளங்கியது. அவள் கொட்டகையை விட்டு எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஊரையே சந்தேகப்பட்டவள் தன் வாயை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருந்தாள்.

ஆனாலும் ஒரு விஷயம் மட்டும் அவளுக்குச் செரிக்கவில்லை. ஐடா எதற்காகக் கெஞ்ச வேண்டும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேஷம் அவளுக்கு. சும்மா இருப்பதில் அவளுக்கு என்ன லாபம்? இரண்டு நாள் யோசித்தும் ஒரு சூதும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் நடிகர்களும் மீன் கூடைகளும்தான் ஏறும். கூடைகளுக்கு நடுவில் ஐடா தன் பெட்டிமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். ஹெஸ்டரைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"ஏன்டி சொல்லல?" என்றாள் ஹெஸ்டர். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள், வாயில் வந்தது இதுதான்.

"உங்க மேல பாசம்னு நினைச்சுக்காதீங்க, மிஸ் லேமிங். உங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது." ஐடா ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டாள். "அறைக்குள்ள நான் முணுமுணுத்தது மத்த வரிகளைத்தான். உங்களைச் சொல்லியிருந்தா வேஷம் எனக்குத்தான் வந்திருக்கும். முதல் நாள் அத்தனை கூட்டத்துக்கு முன்னால தட்டை எடுத்துக்கிட்டு நின்னு, வாயைத் திறக்காதவ நான் ஒருத்திதான்னு சொல்லணும். உங்களைக் காட்டிக் கொடுத்துட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அதைச் சொல்றது?"

ஹெஸ்டர் பக்கத்து மீன் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு வராது. நீங்க சொல்லிருவீங்க," என்றாள் ஐடா. "உங்களுக்கு நல்லா நடிக்க வரும்."

விசில் ஊதியது. ஐடா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். ரயில் போன பிறகும் ஹெஸ்டர் மீன் வாடையில் நின்றுகொண்டிருந்தாள்.

பழைய நாடகம் ஒருவழியாக நின்றது. புது நாடகத்தின் முதல் நாளுக்கு முன்தினம் வேஷம் கட்டிய ஒத்திகை. பென்ஃபோல்டும் அக்காவும் நாடகத்தை எழுதிய பையனும் கீழே உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் நன்றாகவே போயிற்று. லெட்டிஸ் சொல்லமாட்டாள், ஐடாவும் சொல்லமாட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் நாளைக்கு அந்த வரி அவளுடையது. வாழ்நாளெல்லாம் காத்திருந்த வரி. அலுப்போடு சொல்ல வேண்டும் என்பதுகூடத் தெரியும். கடைசி இடம் வந்தது. தட்டை எடுத்தாள், எஜமானைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் அவள் முனகலுக்காகக் காத்திருந்தார்கள்.

அவளுக்கு முனகக்கூட வரவில்லை. தட்டைத் திரும்ப மேஜைமேல் வைத்தாள்.

"முதலாளி, கடைசி வரியைச் சொன்னது ஐடா இல்ல. நான்தான். சினிமாவுல நடிச்சப்போ பெட்டிக்கு முன்னால நின்னு சொன்னேன். ஐடா சொன்னதைக் காதால கேட்டேன்னு உங்ககிட்ட சொன்னது பொய்."

பென்ஃபோல்ட் அக்காவின் பக்கம் திரும்பினார். லெட்டிஸ் ஹெஸ்டரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லத் தலையசைத்தாள். பிராட்ஃபோர்டுக்குத் தந்தி அடி, ஐடா க்ரோம் நாளை மத்தியானத்துக்குள் இங்கே இருக்க வேண்டும் என்று அவர் மேடை மேலாளரிடம் சொன்னார். பாவம், எழுதிய பையன் எழுந்து, அப்படியானால் வேறு வரி எழுதட்டுமா, இது கெட்டுப்போயிற்றே என்று நடுங்கும் குரலில் கேட்டான்.

பென்ஃபோல்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"சத்தம் வரலல்ல? வரி கெடல தம்பி. ஆள்தான் கெட்டுப்போச்சு."

ஹெஸ்டர் இடுப்பிலிருந்த சமையற்காரியின் ஏப்ரனை அவிழ்த்து மடித்தாள். மடிக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ மேடையில் எத்தனையோ விதமாக அழுதிருக்கிறாள், இதுபோல ஒருநாளும் அழுததில்லை. மேடையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் நடிக்கிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.